ரூட் கெனால் செய்யும்போது பல்லுக்குள் சிமெண்ட் வைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். டாக்டர் எம்.டி.ஏ. (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட், பல் வேரை அடைக்கும் ஒரு பவுடர்) என்று எழுதிக் கொடுத்ததைக் கூகுளில் போட்டு, போர்ட்லாண்ட் சிமெண்ட் என்று வந்ததும் பதறிப்போய்க் கேட்கிறீர்கள். அநேகமாக உங்கள் பிள்ளை எங்கோ விழுந்து முன்பல்லில் அடிபட்டிருக்கும். ஏனென்றால் பெரியவர்களுக்கு வழக்கமாகச் செய்யும் ரூட் கெனாலில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் குச்சியைத்தான் வைத்து அடைப்போம். வளரும் பிள்ளைகளின் இன்னும் வேர் நுனி மூடாத பல், ஓட்டை விழுந்த வேர் என்றெல்லாம் இருந்தால்தான் எம்.டி.ஏ.வை எடுப்போம்.

1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழு கொண்டுவந்தது இது. முக்கால் பங்கு போர்ட்லாண்ட் சிமெண்ட். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமே என்று பிஸ்மத் ஆக்சைடு, கொஞ்சம் ஜிப்சம். ஈரத்திலேயே இறுகும் என்பதுதான் இதன் பெருமை. வேர் நுனியில் ரத்தம் கசியாத இடம் ஏது? "அப்போ கடையில் ஒரு மூட்டை வாங்கிக்கலாமே" என்று கிண்டல் செய்ய ஒருத்தர் வருவார். கட்டட சிமெண்டில் ஆர்சனிக் மாதிரி சமாச்சாரமெல்லாம் இருக்கும் சார், அதை வடிகட்டி யாரும் மூட்டை கட்டுவதில்லை.

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் என் தீசிஸே எம்.டி.ஏ. நிறம் மாறுவதைப் பற்றித்தான். பிடுங்கிய முன்பற்களுக்காக சர்ஜரி டிபார்ட்மெண்ட் வாசலில் பாட்டிலோடு தவம் கிடந்தவள் நான். வெள்ளை எம்.டி.ஏ. பவுடரைக் கண்ணாடித் தட்டில் குழைத்து, வேருக்குள் கழுவ நாங்கள் தினமும் விடும் ஹைப்போகுளோரைட்டை அதன்மேல் ஒரு சொட்டு விட்டால், வெள்ளை கரும்பழுப்பாகிவிடும். பிஸ்மத் செய்கிற வேலை. முன்பல்லில் இது நடந்தால் சிரிக்கும்போது சாம்பல் அடிக்கும். பின்னால் வந்த பயோடென்டின் என்ற இதே மாதிரி பல் சிமெண்டில் பிஸ்மத் கிடையாது, ஜிர்கோனியம் ஆக்சைடுதான். பழைய எம்.டி.ஏ. இறுக இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும், பயோடென்டினுக்கு 12 நிமிடம் என்கிறது கம்பெனி. நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. பிடுங்கிய பல்லில் பார்த்ததெல்லாம் வாய்க்குள்ளும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவும் இல்லை, சீனியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அடிபட்டது முன்பல் என்றால், பிஸ்மத் இல்லாததாக வைக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்.

இவ்வளவையும் கைக்காசில் பவுடர் வாங்கிப் படித்துவிட்டு வந்தால், சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு மாமா, "ஏம்மா, எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்கிறார். அதே மாமாதான் பந்தியில் பாயசம் வருவதற்குள் வாயைத் திறந்து, "இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாரேன்" என்றார். கிளினிக்குக்கு வாங்க மாமா என்றதற்கு அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை.