தம்பிக்கு 23 வயது: பி.டி.கே.யில் சேர்ப்பார்களா?
அறிவுத்திறன் குறைபாடுள்ள தம்பியைச் சேர்க்கப் பகாவ் ஊரில் நீங்கள் கொடுத்த மனு திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வயது தடையில்லை, மலேசியச் சமூகநல இலாகாவின் பி.டி.கே. (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு) மையம் பள்ளிக்கூடம் அன்று என்பதால், பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறது.

உங்கள் மனு திரும்பியதற்குத் தம்பியின் ஓ.கே.யு. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, காரணமாக இருக்கலாம். அறிவுத்திறன் குறைபாடு ‘பெம்பெலாஜாரான்’, அதாவது கற்றல் பிரிவில் அடங்கும். ‘மெந்தால்’ என்பது மனநோய்க்கான தனிப் பிரிவு. அட்டையில் எந்தப் பிரிவு இருக்கிறதென்று முதலில் பாருங்கள். பிரிவு தவறாக இருந்தால் அரசு மருத்துவரிடம் புதிய சான்று பெற்று, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுங்கள்.

முதல் வாரம் தம்பி அழுகிறாரே என்று நிறுத்திவிடாதீர்கள். எங்கள் மையத்தில் ஓர் இளைஞருக்குத் துண்டை நான்காக மடிக்கப் பழகவே மூன்று மாதமானது. இன்று வீட்டுத் துணி முழுவதையும் அவர்தாம் மடிக்கிறார்.

எல்லா மையங்களிலும் வேன் கிடையாது. நீங்கள் இருக்கும் தோட்டத்திலிருந்து போய்வர வழியுண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.