ஹாட்ரிக்ல சின்னப் பசங்களுக்கு எந்த டிரெயினிங்?

கேள்வி: அண்ணே, ஹாட்ரிக்ங்கிற ஆன்லைன் ஃபுட்பால் மேனேஜர் கேம்ல யூத் டீம் பசங்களுக்கு எந்த டிரெயினிங் நல்லா ஏறுதுன்னு டெஸ்ட் பண்ணணும், எப்படிப் பண்றது? (தேவகோட்டை வாசகர்)

பதில்: தம்பி, 1997ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச கேம் அது, இன்னும் பொறுமைசாலிக்குத்தான் பலன் தருது. முதன்மைப் பயிற்சி, துணைப் பயிற்சின்னு ரெண்டு இருக்குல்ல, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, ரெண்டையும் சேத்து மாத்துனா எதனால ஏறுச்சுன்னே தெரியாது. அதவிட முக்கியம் பொசிஷன், விங்கர் (ஓரத்துல ஆடுறவன்) டிரெயினிங் போட்டுட்டுப் பையன நடு மிட்ஃபீல்டுல இறக்குனா கணக்கே கெட்டுடும். ஒவ்வொருத்தனுக்கும் திறமை ஏறுற உச்சவரம்பு வேற, அதைத் தொட்டவன வச்சு டெஸ்ட் வேணாம். அப்பச்சி காலத்துப் பேரேடு மாதிரி வாராவாரம் எழுதுங்க, சீசனே 16 வாரம், பாதியில விட்றாதீங்க.