காட்டில் குடியிருப்பவனிடம் வாடகை கேட்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் நான் ஒரு ரேஞ்சரை, அதாவது காட்டு வீரரை, ஆடுகிறேன். ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை என் கதாபாத்திரம் ஊருக்குள் தங்குவதே இல்லை. காட்டில் கூடாரம் போட்டு வேட்டையாடிப் பிழைக்கிறது. ஆனாலும் ஆட்டத்தை நடத்தும் எங்கள் டஞ்சன் மாஸ்டர், சத்திரத்தில் தங்கும் மற்றவர்களுக்குக் கழிப்பதுபோலவே எனக்கும் நாளொன்றுக்கு ஒரு பொற்காசு கழிக்கிறார். கேட்டால், 'எல்லோருக்கும் ஒரே கணக்கு' என்கிறார். இது சரியா?

பதில்: சரியில்லை. (இந்தப் பதில்களில் வரும் ஐந்தாம் பதிப்பு விதிகள் எல்லாம் 2014 நூல்களின்படி.) 2014ஆம் ஆண்டு வெளியான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூலில் உள்ள வாழ்க்கைத்தரச் செலவுப் பட்டியல், கதாபாத்திரம் ஊரில் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. ஏழைத் தரத்துக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு, எளிய தரத்துக்கு 1 பொற்காசு, வசதியான தரத்துக்கு 2, செல்வந்தர் தரத்துக்கு 4, பிரபுக்கள் தரத்துக்குக் குறைந்தது 10 என்று அது ஏறிக்கொண்டே போகும். உங்கள் டஞ்சன் மாஸ்டர் கழிப்பது இதில் எளிய தரத்துக்கான தொகை. அதே பகுதியில், வேட்டையாடியும் காய்கனி தேடியும் தன் கருவிகளைத் தானே செப்பனிட்டும் காட்டில் வாழ்பவர்களுக்கென்று ஒரு பெட்டிச் செய்தி தனியாக இருக்கிறது. அப்படி வாழக் காசு எதுவும் தேவையில்லை, ஆனால் அது நேரத்தைத் தின்னும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சாகசங்களுக்கு நடுவிலான இந்த இடைக்காலத்தைத் தொழில் செய்வதாகக் கணக்கிட்டால் ஏழைத் தரத்துக்கு இணையாகவும், சர்வைவல் (காட்டில் பிழைக்கும்) திறனில் தேர்ச்சி இருந்தால் வசதியான தரத்துக்கு இணையாகவும் வாழலாம். உங்கள் ரேஞ்சருக்கு அந்தத் தேர்ச்சி இருந்தால், சத்திரத்தில் 2 பொற்காசு கொடுத்துத் தங்குபவருக்குச் சமமாக அவர் காசில்லாமலே இருக்கிறார். அந்தப் பக்கத்தைத் திறந்து டஞ்சன் மாஸ்டரிடம் காட்டுங்கள். ஆட்டத்துக்கு நடுவில் வேண்டாம், ஆட்டம் தொடங்குமுன் காட்டுங்கள்.

கேள்வி: நான் மேசையின் மறுபக்கத்தில், டஞ்சன் மாஸ்டராக இருக்கிறேன். நால்வரில் ஒருவர் காட்டுக்குப் போய்விடுவதால் மற்ற மூவர், 'நாங்கள் செலவழிக்கிறோம், அவர் மட்டும் சேர்த்துவைக்கிறார்' என்று முணுமுணுக்கிறார்கள். விதியை மீறாமல் இதை எப்படிச் சமன் செய்வது?

பதில்: அவர்களுடைய முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. முப்பது நாள் இடைவெளியில் வசதியான தரத்துக்கு ஒருவருக்கு 60 பொற்காசு செலவாகும். காயம் ஆற்றும் சாதாரண மருந்துக் குப்பி ஒன்றின் விலையே 50 பொற்காசுதான். தொடக்க நிலைகளில், காட்டில் தங்குபவர் மாதத்துக்கு ஒரு குப்பியைச் சும்மா பெறுகிறார் என்றுதான் மற்றவர்களுக்குத் தோன்றும்.

இதற்குப் பலரும் காட்டுக்கும் ஒரு வாடகை விதித்துவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். காட்டின் விலை நேரம் என்று விதியே சொல்லும்போது, அந்த நேரத்தை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வசூலிப்பதே முறை. முப்பது நாளில் மந்திரவாதி ஒரு சுவடியை ஆராய்கிறார், போர்வீரர் புதிய மொழி கற்கத் தொடங்குகிறார் (250 நாள் பயிற்சி, நாளுக்கு 1 பொற்காசு), திருடர் ஊர்ப் பெரிய மனிதர்களோடு பழக்கம் பிடிக்கிறார். ரேஞ்சரின் நாள்களோ பொறி வைக்கவும் தோல் உரிக்கவும் விறகு சேர்க்கவுமே போய்விடுகின்றன. நான் நடத்தும் ஆட்டத்தில் இதற்கென ஒரு தாள் வைத்திருக்கிறேன். நாள்களைக் கட்டங்களாகப் போட்டு அவரவர் என்ன செய்தார் என்று எழுதுவோம். முதல் மாதம் ரேஞ்சரின் வரிசை முழுவதும் 'வேட்டை, வேட்டை, வேட்டை' என்று நிரம்பியதைப் பார்த்ததும் மற்றவர்களின் முணுமுணுப்பு நின்றது. ரேஞ்சரை ஆடுபவரே, 'பத்து நாள் நான் ஊருக்கு வருகிறேன்' என்றார். ஊர்ச் செய்தியும் அவருக்குத் தாமதமாகவே போகட்டும். சந்தையில் வதந்தி பரவிய அன்றே கேட்டவர்களும், நான்கு நாள் கழித்துக் கேட்டவரும் ஒன்றல்லர்.

காசாகவும் ஏதாவது கழித்தே தீரவேண்டும் என்று தோன்றினால், இதே விளையாட்டின் 2003ஆம் ஆண்டின் 3.5 பதிப்பில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. சொந்த வீடும் சொந்த விளைச்சலுமாகத் தன்னிறைவோடு வாழ்பவருக்கு அதில் மாதம் 2 பொற்காசு. செருப்பு, சுங்கம், உப்பு போன்றவற்றை அவரும் வாங்கத்தானே வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஐந்தாம் பதிப்பின் விலைப்படியும் இது பொருந்தியே வருகிறது: ஒரு பவுண்டு உப்பு 5 செப்புக்காசு, இருபது அம்புகள் 1 பொற்காசு. காடு தராதவற்றுக்கு மட்டும் காசு என்பதால், ஆடுபவரும் இதை மனமுவந்து ஏற்பார்.

கேள்வி: அப்படியானால் பயணத்தின்போதும் உணவுக்குச் செலவில்லை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. இடைக்காலக் கணக்கும் பயணக் கணக்கும் வேறு வேறு. பல மேசைகளில் சண்டை இவ்விரண்டையும் குழப்புவதால்தான் வருகிறது. பயணத்தில் ஒவ்வொரு நாளும் உண்மையான நாள். ஒருவருக்கு ஒரு பவுண்டு உணவும் ஒரு காலன் நீரும் வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் நீர் இரட்டிப்பு. கட்டுச்சாதம்போலக் கொண்டுபோகும் உலர் உணவு நாளுக்கு 5 வெள்ளிக்காசு, எடை 2 பவுண்டு. அதை வாங்காதவர் வழியில் தேட வேண்டும். இருபது முகப் பகடை எண்ணோடு சர்வைவல் கூட்டெண்ணைச் சேர்த்து எட்ட வேண்டிய இலக்கு (டி.சி.): வளமான நிலத்தில் 10, சுமாரான நிலத்தில் 15, வறண்ட நிலத்தில் 20. வென்றால் ஆறு முகப் பகடை ஒன்றோடு விஸ்டம் (விவேகம்) பண்பின் கூட்டெண்ணைச் சேர்த்து அத்தனை பவுண்டு உணவு; நீருக்கு அதேபோல் இன்னொரு முறை உருட்ட வேண்டும்.

சர்வைவலில் +5 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுமாரான நிலத்தில் இருபது முகப் பகடையில் அவருக்கு 10 விழுந்தால் போதும். வாய்ப்பு 55 விழுக்காடு. வறண்ட நிலத்தில் 15 விழ வேண்டும்; வாய்ப்பு 30 விழுக்காடாகச் சரிகிறது. அங்கே தொடர்ந்து ஐந்து நாள் வெறுங்கையோடு திரும்புவதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்குதிறன்) கூட்டெண் +2 என்றால் உணவின்றித் தாங்கக்கூடிய நாள்கள் 3 + 2, அதாவது ஐந்து. அதன்பின் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு களைப்பு நிலை ஏறும். மேலும், உணவு தேடியபடி நடப்பவரின் கவனம் பதுங்கியிருக்கும் ஆபத்தின்மேல் இருக்காது. தன் விருப்ப நிலப்பரப்பில் இருக்கும் ரேஞ்சருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு; கிடைக்கும் உணவும் அவருக்கு இரட்டிப்பு. அவுட்லேண்டர் (காட்டுவெளியில் வளர்ந்தவர்) பின்னணி கொண்டவரோ, நிலத்தில் கனியும் சிறு விலங்கும் நீரும் இருக்கும்வரை, பகடையே உருட்டாமல் தனக்கும் இன்னும் ஐவருக்கும் உணவு கொண்டுவந்துவிடுவார்.

கேள்வி: என் கதாபாத்திரம் காட்டில் நிலையான வீடு கட்ட விரும்புகிறது. என்ன செலவாகும்?

பதில்: ஆட்டத்தை நடத்துபவருக்கான விதிநூலான டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் (2014) கட்டுமானச் செலவுகள் பெரிய கட்டடங்களுக்கே தரப்பட்டுள்ளன; வணிக நிலையம் 5,000 பொற்காசும் 60 நாளும், அரண் கொண்ட கோபுரம் 15,000 பொற்காசும் 100 நாளும் பிடிக்கும். சிறு வீட்டுக்கு விலை இல்லை. ஆனால் பராமரிப்புப் பட்டியலில் வேட்டை மாளிகை இருக்கிறது: நாளுக்கு 5 வெள்ளிக்காசு, பயிற்சி பெற்ற பணியாள் ஒருவர்.

தானே கட்டும் குடிசைக்கு நான் கைவினை விதியைப் பயன்படுத்துவேன். குடிசையின் மதிப்பு 100 பொற்காசு என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது என் கணிப்பு, உங்கள் மேசையில் மாற்றிக்கொள்ளலாம்). ஒருவர் நாளுக்கு 5 பொற்காசு மதிப்புள்ள வேலையை முடிப்பார் என்பதால் இருபது நாள் ஆகும். மூலப்பொருளுக்குப் பாதி மதிப்பு, அதாவது 50 பொற்காசு, கணக்காகும். மரமும் மண்ணும் காட்டிலேயே கிடைப்பதால் அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம். தச்சுக் கருவிகளில் தேர்ச்சி வேண்டும். அந்தக் கருவிப் பெட்டியின் விலை 8 பொற்காசு. இன்னொருவரும் தேர்ச்சியோடு கைகொடுத்தால் பத்து நாளில் கூரை ஏறிவிடும். கைவினையில் ஈடுபட்டிருக்கும் நாள்களில் எளிய தரத்துக்குச் செலவில்லை என்று அதே விதி சொல்வதால், அந்த இருபது நாளுக்கு அவரிடம் வேறெதுவும் கழிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவின் ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடுபவர்) நாள்தோறும் உணவாகும் கனிகளை உண்டாக்கும் குட்பெர்ரி மந்திரம் போட்டுவிடுகிறார். இத்தனை கணக்கும் வீண்தானே?

பதில்: உணவுக் கணக்கு வீண்தான், பத்துக் கனிகள், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. ஆனால் தாகத்துக்கும் மழைக்கும் அந்தக் கனியால் ஒன்றும் ஆகாது. தினமும் முதல்நிலை மந்திர இடம் ஒன்று (மந்திரம் போடும் வாய்ப்புகளில் ஒன்று) போய்விடுகிறது என்பதையும், 24 மணி நேரத்தில் கனிகள் பயனற்றுப்போகும் என்பதையும் அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.