என்ன கூட்டமுங்க?

கேள்வி: இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிறு காலை பக்கத்துப் பூங்காவில் அமெச்சூர் கால்பந்து மேட்ச் பார்த்தேன். ஆடியவர்கள் பிளம்பர், டிரைவர், வாத்தியார். தூறலிலும் முப்பது பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் நாயோடு வந்திருந்தார். நம் கொங்கு நாட்டில் மட்டும் உள்ளூர் ஆட்டத்துக்குக் கூட்டமே சேருவதில்லையே, ஏன்?
(கோபிக்காரர் ஒருவர், ஷெஃபீல்டு)

பதில்: கொங்கு நாட்டில் கூட்டத்துக்குப் பஞ்சம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். ஆந்தை, காடை, பயிரன் என்று இங்கே கவுண்டர் வீடுகளில் எண்ணித் தீராத கூட்டம் இருக்கிறது; குலத்தைத்தான் இங்கே கூட்டம் என்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் பேரைக் கேட்கும் முன்பே "நீங்க என்ன கூட்டமுங்க?" என்பார். சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூட்டமும் கிடையாது. "இன்னைக்கு நல்ல கூட்டமுங்க, நிக்கக்கூட எடமில்லீங்க" என்று சொல்லியே முப்பது வருஷமாகத் தப்பித்து வருகிறேன்.

நீங்கள் போன ஊரும் லேசுப்பட்டதல்ல. ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியின் செல்லப்பெயரே 'ஆந்தைகள்'. அவர்களுடைய ஹில்ஸ்பரோ மைதானம் இருக்கும் ஓவ்லர்டன் (Owlerton) பகுதியின் பேரிலிருந்து வந்தது; 'அவுல்' என்றால் ஆந்தை. ஆகவே ஆந்தைக் கூட்டத்துப் பையன் யாராவது அங்கே வேலைக்கு வந்தால் சொல்லி வையுங்கள்: ஹில்ஸ்பரோ காலரியில் பெண் பார்க்க வேண்டாம். அத்தனையும் பங்காளி வீடு, தங்கச்சி முறை ஆகிவிடும்.

அந்த 'வெட்னஸ்டே' இன்னும் விசேஷம். புதன்கிழமை அரைநாள் லீவு கிடைத்தவர்கள் 1820-இல் கிரிக்கெட் ஆடச் சேர்ந்தார்கள், 1867-இல் கால்பந்தும் ஆரம்பித்தார்கள். லீவு நாளே அணிக்குப் பேராகிவிட்டது. திருப்பூரில் அப்படிப் பேர் வைக்க முடியுமா? இருப்பது ஒரு ஞாயிறு. ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் போச்சு. 'திருப்பூர் ஓவர்டைம்' என்றுதான் வைக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு ஏதாவது பதில் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேர் என்றதும் என் பழைய புண் வலிக்கிறது. 2018-19 ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை ஜெயித்த அணி சொந்த மைதானமாக வைத்துக்கொண்டது கோவை நேரு ஸ்டேடியத்தை. கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்ததும் அங்கேதான். ஆனால் அணியின் பேர்? சென்னை சிட்டி! கோல் போட்டு ஜெயிக்க வைத்ததில் பாதி ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், பேர் சென்னையிலிருந்து; நம்முடையது புல்லும் கைதட்டலும். இதை எழுதியபோது "விளையாட்டில் ஊர்ப்பற்றைக் கொண்டுவராதீர்" என்று ஒரு சென்னை நண்பர் கடிதம் போட்டார். ஊர்ப்பேரை ஒட்டியது நானா அவரா? சரி, பனியனை நாம் தைத்து லேபிளை அசலூர்க்காரன் ஒட்டுவது நமக்குப் பழக்கம்தான்.

அப்புறம், முப்பது பேர். ஷெஃபீல்டில் முப்பது பேரைப் பார்த்தால் கூட்டம் என்கிறீர்கள். கோபியில் அதே முப்பது பேரைப் பார்த்தால் யாருமே இல்லை என்பீர்கள். பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் மிதிக்க, அதாவது தீ மிதிக்க, விடிய விடிய நிற்கிற வரிசையைப் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் சொல்லும். உலகத்திலேயே பழைய கால்பந்து கிளப்பான ஷெஃபீல்டு எஃப்.சி. 1857-இல் உங்கள் ஊரில் தொடங்கியதுதான். அது இன்றைக்கும் கீழ்வரிசைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்கிறது, பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. கூட்டம் வரட்டும், அப்புறம் ஆடலாம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தால் சாயங்காலம் ஏதாவது பள்ளிக்கூட மைதானத்தின் ஓரமாகப் போய் நில்லுங்கள். "அண்ணா, பந்து!" என்று ஒரு பையன் கத்துவான். எடுத்துப் போடுங்கள். நீ என்ன கூட்டம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அந்த முப்பது, நாயையும் சேர்த்தா?