அம்மாவின் தூக்கம் யார் பொறுப்பு?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது நோயின் அறிகுறி எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் 71 வயதான அம்மா இன்றும் இரவெல்லாம் விழித்திருந்து அவரைக் கவனிக்கிறார். தன்னுடைய ரத்த அழுத்த மாத்திரையைக்கூட மறந்துவிடுகிறார். நானும் தம்பியும் வெளியூரில் வேலை பார்க்கிறோம். ஹோம் நர்ஸ் அனுப்புவதாக ஒருவர் மூன்று மாத முன்பணம் கேட்கிறார். இன்னொருவர், அப்பாவுக்கு முழு உடல் ஸ்கேன் எடுத்துவிட்டால் அம்மா நிம்மதியாகத் தூங்குவார் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த ஸ்கேனுக்கும் போகாதீர்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனம் உறுத்திக்கொண்டே இருக்கும். அது தெரிந்துதான் இந்தத் தரகர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தவர் அம்மா. வயதான தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வை 1999-இல் அமெரிக்காவின் ரிச்சர்டு ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகியோர் வெளியிட்டார்கள். நோயுற்ற துணையைக் கவனித்து, அந்தச் சுமையில் திணறியவர்களுக்கு, அப்படிப்பட்ட பொறுப்பே இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. திணறாமல் கவனித்தவர்களிடம் இந்த உயர்வு தெரியவில்லை. ஆகவே அம்மாவை அப்பாவிடமிருந்து பிரித்துவைக்க வேண்டியதில்லை. அவருடைய திணறலைக் குறைக்க வேண்டும்.

அதற்கு முதலில், இரவில் என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் விரிவாகக் கேளுங்கள். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் பதில் வரும். 'நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள், எதற்காக?' என்று கேளுங்கள். பெருங்குடல் அறுவைக்குப் பிறகு அடிக்கடி மலம் கழிக்கப் போக வேண்டியிருக்கலாம். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து கொடுத்திருந்தால் பாதங்கள் மரத்துப்போய், தரை எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாமல் போகலாம். இருட்டில் அப்பா தடுமாறி விழுந்துவிடுவாரோ என்று அம்மா ஒவ்வொரு முறையும் கூடவே எழுந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே தேவை படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு மங்கிய விளக்கு, சுவரில் கைப்பிடி, வழுக்காத காலணி, படுக்கைக்கு அருகே ஒரு சிறுநீர்க் குடுவை. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை அப்பா மாலையில் சாப்பிடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். இவ்வளவிலேயே பல வீடுகளில் இரவு அமைதியாகிவிடுகிறது. ஆனால் அம்மா எழுவதே இல்லை, படுத்தபடி அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் விஷயம் வேறு. அது நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். அதற்கு மனநல ஆலோசகரின் உதவி தேவை. 'கவலைப்படாதீர்கள்' என்ற அறிவுரையால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து, வேலைப் பகிர்வு. 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று சொல்லும் பிள்ளைகள் அம்மாவுக்கு இன்னொரு வேலையைத்தான் கொடுக்கிறார்கள். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவரே யோசிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? ஒரு வேலையை முழுவதுமாக எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைத் தேதிகள், மருத்துவமனைக்கு போன் செய்வது, அறிக்கைகளைக் கோப்பில் வைப்பது எல்லாம் தம்பியின் பொறுப்பாகட்டும். அம்மா அதை மறந்தே போகலாம். மாத்திரை தீர்வதற்குள் வாங்கி அனுப்புவது உங்கள் பொறுப்பு. நீங்கள் ஊருக்கு வரும் நாள்களில் இரவுக் காவல் உங்களுடையது. அம்மா வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சிகிச்சை கொடுத்த இடத்தில் இருப்பவர்கள். சிகிச்சை முடியும் ஒவ்வொருவருக்கும் என்ன செய்தோம், இனி எதைக் கவனிக்க வேண்டும், யாரை அணுக வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் (Institute of Medicine) என்ற அமைப்பின் அறிக்கை 2005-இலேயே பரிந்துரைத்தது. இன்றும் பல குடும்பங்கள் கையில் வைத்திருப்பது புரியாத சுருக்கெழுத்துகள் நிறைந்த ஒரு டிஸ்சார்ஜ் தாள் மட்டுமே. ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் காட்டுகிறது. அந்தப் பிரிவு அடுத்த வாரம் வரச் சொல்கிறது. நோயாளியுடன் வந்து நிற்கும் மனைவியிடம் 'நீங்கள் தூங்குகிறீர்களா அம்மா?' என்று கேட்க ஒரு நிமிடம் போதும், அதைக்கூட யாரும் கேட்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி வற்புறுத்திக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போது ஹோம் நர்ஸ். அனுப்பப்படுபவர் உண்மையில் பயிற்சி பெற்ற செவிலியரா, வீட்டு உதவியாளரா என்று முதலில் கேளுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். செவிலியர் என்றால் பதிவுச் சான்று இருக்க வேண்டும். வருபவரின் அடையாளச் சான்றின் நகலும், முன்பு வேலை செய்த ஒரு வீட்டின் தொடர்பும் வாங்குங்கள். அவர் வராத நாளில் மாற்று ஆள் யார் என்பதை எழுத்தில் பெறுங்கள். பணத்தை வாரக் கணக்கில் கொடுங்கள். மூன்று மாதப் பணத்தை வாங்கிக்கொண்டு, பத்தாம் நாள் ஆளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, போனை எடுக்காமல் இருக்கும் ஏஜென்சிகளைப் பற்றிக் குடும்பங்கள் என்னிடம் வந்து அழுதிருக்கின்றன. இன்னொன்று, இதைவிட முக்கியமானது: இரவில் அப்பா 'தொந்தரவு' செய்யாமல் இருக்க, டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ கொடுக்கும் வழக்கம் சில உதவியாளர்களிடம் உண்டு. மாத்திரைப் பெட்டி அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.

வலி, அசதி, பசியின்மை என ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டாம், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்து அடுத்த சந்திப்பில் காட்டுங்கள் என்று பொதுவாகச் சொல்வேன். அதற்கு முக்கியமான ஒரு விதிவிலக்கு உண்டு. அது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம், நேரம் தெரியாமல் உளறினால் அதை வயது என்று தள்ளிவிடாதீர்கள். மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் வளரும். டெலிரியம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். பலர் தவறவிடுவது இதன் அமைதியான வடிவத்தை. கத்தமாட்டார், எழுந்து ஓடமாட்டார். பேச்சுக் குறைந்து, கண்ணை மூடியபடி சாதுவாகக் கிடப்பார். 'இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறார்' என்று வீட்டில் நிம்மதி அடைந்திருப்பார்கள். உள்ளே சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, நீரிழப்போ, சோடியம் குறைவோ, சிறுநீர் அடைப்போ இருக்கலாம். நான் மேலே சொன்ன அந்த அலர்ஜி மாத்திரையாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அங்கே 'வயசாகிவிட்டது' என்று சொன்னால், 'நேற்று இப்படி இல்லை' என்ற வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அந்த வித்தியாசம் தெரிந்தவர் அம்மா. உதவியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது அவருக்குத் தெரியாது. அம்மாவை அறைக்கு வெளியே நிற்கவைக்கச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்கேன் பற்றி: பெருங்குடல் புற்றுநோய்க்குப் பிந்தைய கண்காணிப்பில் டாக்டர் குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி ஆகியவை இருக்கும். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும் என்பதால் அந்த அட்டவணையைத் தவறவிடக் கூடாது. அறிகுறி இல்லாதவருக்கு அதற்கு மேல் வழக்கமாக முழு உடல் பெட் (PET) ஸ்கேன் எடுப்பதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. 76 வயது உடலில் தேடினால் ஏதாவது ஒரு கட்டியோ நீர்க்கட்டியோ தென்படும். பிறகு அது என்ன என்று அறிய ஊசி, இன்னொரு ஸ்கேன், இன்னும் சில தூங்காத வாரங்கள். எதிர்ப்பு சக்தி கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளுக்கும் இதே பதில்தான்: வேண்டாம்.

கடைசியாக, அம்மாவின் மாத்திரை. அவருக்கென்று தனியாக ஒரு டாக்டர் சந்திப்பை இந்த வாரமே பதிவுசெய்யுங்கள். அப்பாவின் பரிசோதனைக்குப் போகும்போது அப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்வார், சம்மதிக்காதீர்கள். அங்கே போனால் அவர் அப்பாவைப் பற்றி மட்டுமே பேசுவார். ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வை, தூக்கம், மனச்சோர்வு இவை ஐந்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று அப்பாவுடன் வீட்டில் தம்பி இருக்கட்டும்.