சோராவின் குறிப்பேடு

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு ஜப்பானின் செண்டாய் நகரில் படிக்கப் போகிறேன். அங்கிருந்து தமிழில் பயணத் தொடர் எழுத ஆசை. ஆனால் டோக்கியோ, ஃபுஜி மலை, செர்ரிப் பூ என்று எல்லாவற்றையும் யாராவது எழுதிவிட்டார்கள். நான் எதை எழுதுவது? நல்ல கேமரா வாங்க வேண்டுமா? கைச்செலவுக்குக் காசு வருமா?
ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: டோக்கியோவில் இடம் கிடைக்காதது உங்கள் அதிர்ஷ்டம். பத்து நாள் பயணிகள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஓடிக் களைத்துத் திரும்புகிறார்கள். உங்களுக்கோ நான்கு பருவமும் ஒரே ஊரில். அவர்கள் கண்ணில் படாததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

கேமரா வேண்டாம், போன் போதும். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். 1689இல் மாத்சுவோ பாஷோ என்ற கவிஞர், அன்று எடோ எனப்பட்ட டோக்கியோவிலிருந்து வடக்கே நடந்து, செண்டாய் வழியாக மாத்சுஷிமா விரிகுடாவுக்குப் போனார். அந்த நடையைப் பற்றி அவர் எழுதிய நூலை ஜப்பானியர் இன்றும் கொண்டாடுகிறார்கள். கூடவே நடந்த சீடர் சோராவும் நாட்குறிப்பு வைத்திருந்தார்: மழையா வெயிலா, எவ்வளவு தூரம், யார் வீட்டில் தங்கினோம். அது அச்சில் வந்தது 1943இல்தான். வழி தவறி இஷினோமாகித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகவும், தங்க யாரும் இடம் தரவில்லை என்றும் பாஷோ உருகுகிறார். சோராவின் குறிப்பிலோ, வழியில் கண்ட ஒருவர் தங்குமிடம் சொல்லி உதவியிருக்கிறார்! பாஷோவைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்; அவர் இலக்கியம் செய்தார். நீங்கள் முதல் ஆறு மாதம் சோராவாக இருங்கள். டிக்கெட் விலை, பஸ் வந்த நேரம், கடைக்காரப் பாட்டி சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். ‘கண்கொள்ளாக் காட்சி’க்கு ஓராண்டு விடுமுறை கொடுத்துவிடலாம்.

மாத்சுஷிமாவுக்கும் யமாதேரா மலைக்கோயிலுக்கும் உள்ளூர் ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். யமாதேராவில் ஆயிரத்துக்கு மேல் படிகள். பனிக்காலத்தில் ஒருமுறை, சிள்வண்டு இரையும் கோடையில் ஒருமுறை ஏறுங்கள். பாஷோ அங்கே கவிதை எழுதியதும் சிள்வண்டைப் பற்றித்தான்.

சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. உங்கள் பக்கத்து மாசிக் கருவாடு தெரியும் அல்லவா? ஜப்பானியச் சமையலின் அடிச்சாறான தாஷியில் சேரும் கட்சுவோபுஷியும் அதே வம்சம்தான்: சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல உலர்த்திச் சீவுகிறார்கள். இந்த உறவைக் கண்டு சொல்லத் தென்கரைக்காரர்தான் வேண்டும். சைவ வாசகர்களுக்கு எச்சரிக்கையும் இதுவே. மீன் கண்ணில் படாத மிசோ சூப்பிலும் பெரும்பாலும் அது கலந்திருக்கும்.

செண்டாய்க் கடலோரத்தில் அராஹாமா தொடக்கப் பள்ளி இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று அலை வந்தபோது அதன் மேல்மாடிகளுக்கு ஏறிய 320 பேர் பிழைத்தார்கள். கட்டடத்தை இடிக்காமல், சிதைந்தபடியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். 2004க்குப் பிறகு நம் கடற்கரையில் ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளியைப் பற்றி எழுத அவசரப்படாதீர்கள். இரண்டு முறையாவது போய் வாருங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

பயணச் செலவு: சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜே.ஆர். ரயில் பாஸ், மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. விடுமுறைக் காலங்களில் விற்கும் ‘செய்ஷுன் 18’ டிக்கெட்டைக் கேளுங்கள். தொடர்ந்து ஐந்து நாளுக்கு 12,050 யென். சாதாரண ரயில்களில் மட்டும் போகலாம். பெயரில்தான் 18, வயது வரம்பு இல்லை. மெதுவாகப் போவதால் எழுதுகிறவருக்கு அதுவே நல்லது.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். மாணவர் விசாவில் அனுமதி பெற்றுத்தான் வேலை பார்க்க முடியும். பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் உச்சவரம்பு. விளம்பர வருமானம் வாங்கலாமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசச் சாப்பாட்டுக்குப் புகழ்மாலை எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கைச்செலவுக்கு ஒரு சிறு கடையில் பகுதிநேர வேலை பாருங்கள். கடைக்காரப் பாட்டி சொல்வது உங்களுக்குப் புரியத் தொடங்குவதும் அங்கேதான்.