தோட்டக் கோயில் மணியோசைக்கு எந்த அடிட்டிவ் சிந்தசைசர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் மணியின் ஓசையை மடிக்கணினியில் உருவாக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பல சைன் அலைகளைக் கூட்டி ஓசை உருவாக்கும் மென்பொருள்தான் அடிட்டிவ் சிந்தசைசர். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் சின்ஆட்சப்எஃப்எக்ஸ் (ZynAddSubFX, சுருக்கமாகச் சின்) போதும்.

பார்ஷியல் (ஓசைக்குள் அடங்கிய தனித்தனி அதிர்வெண்) எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹார்மர் (Harmor) என்ற சிந்தசைசர் 516, ரேசர் (Razor) 320 தரும். ஆனால் 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் 50 மடங்குகளுக்குத்தான் இடம்.

மணியின் பார்ஷியல்கள் முழு எண் மடங்குகளில் அமைவதில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதியும் தனி என்வலப்பும் (ஓசை எழுந்து அடங்கும் வடிவம்) வேண்டும். சின்னின் ஆட்சிந்த் (ADsynth) பகுதியில் 8 வாய்ஸ்கள், அதாவது தனித்தனி ஒலி மூலங்கள், உண்டு. மணியைப் பதிவுசெய்து, அடித்த சத்தம் அடங்கிய பகுதியை அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் பாருங்கள். அதில் அளவு (Size) 16,384 வைத்தால் முகடுகள் தெளிவாகப் பிரியும். உரத்த 7 முகடுகளுக்கு 7 சைன் வாய்ஸ். அடிச்சுரத்தின் 1.2 மடங்கு என்றால் 316 சென்ட் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்) ஏற்றுங்கள், 1.5 என்றால் 702. எட்டாவது வாய்ஸில் மிகக் குறுகிய நாய்ஸ், நாக்கு மோதும் சத்தத்துக்கு.

எல்லாவற்றுக்கும் ஒரே டிகே (ஓசை தேய்ந்து அடங்கும் நேரம்) வைத்தால் ஆர்மோனியம் போல இழுக்கும். கீழ் முகடு 6 விநாடி ஒலிக்கட்டும். மேல் முகடுகள் 1 விநாடிக்குள் அடங்க வேண்டும். சத்தம் வெட்டி வெட்டி வந்தால் ஆடியோ அமைப்பில் பஃபரை 512 சாம்பிள் ஆக்குங்கள்.

பதிவையே உள்ளே போட்டு, மென்பொருளே அதை ஆராய்ந்து ஓசையை மீண்டும் உருவாக்கும் ரீசிந்தசிஸ் செய்யத்தான் ஆசை என்றால், ஹார்மருக்குப் பணம் கொடுக்கலாம்.